கோட்டைச்சாமிக்கு விருப்பமில்லை

விருப்பமில்லையாம், தாயி. என் கூடப் பிறந்த தம்பிக்கு என்னைப் பார்க்க விருப்பமில்லையாம். அவன் இருக்கிற ஹோமோட ஆபீஸ் ரூம்ல உக்காந்திருக்கிற பிள்ளை, உன் வயசுதான் இருக்கும், ரிஜிஸ்டரை மூடி வச்சிட்டு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுது: "அம்மா, அவருக்கு இன்னைக்கு உங்களைப் பார்க்க விருப்பமில்லைங்க." நான் சிரிச்சிட்டேன். வேற என்ன செய்ய? நாப்பத்தியோரு வயசு ஆளுக்கு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை புத்தி. அவனுக்கு விருப்பம் என்ன, விருப்பமில்லாதது என்ன?

கொஞ்சம் தள்ளி உக்காரு. பை இருக்கட்டும், மடியில வச்சுக்கிறேன். நீ எங்க எறங்கணும்? கோவில்பட்டியா. நான் சாத்தூரு. அப்ப நேரம் கிடக்கு. திருமங்கலத்துல இருந்து நின்னுக்கிட்டே வந்தேன், கள்ளிக்குடியிலதான் சீட்டு கிடைச்சுச்சு. டீச்சரா நீ? பார்த்தாலே தெரியுது. அப்ப சட்டதிட்டமெல்லாம் உனக்குத் தெரியும். நான் சொல்றதைக் கேட்டுட்டு நியாயம் எங்க இருக்குன்னு நீயே சொல்லு.

எல்லாம் கோமதி மேடத்தால வந்தது. மாவட்டத்துல ஊனமுற்றவங்களுக்குன்னு ஒரு அதிகாரி இருப்பாகல்ல, இப்ப மாற்றுத்திறனாளின்னு சொல்லணும், அந்த அதிகாரி. ஒல்லியா, குச்சி மாதிரி இருக்கும். குரலே வெளிய வராது. ஆனா அது போட்ட ஒரு கையெழுத்துல அம்பத்திரெண்டு குடும்பம் தெருவுக்கு வந்துருச்சு.

என் பேரு சண்முகக்கனி. தீப்பெட்டி ஆபீஸ்ல பண்டல் கட்டுற இடத்துல மேஸ்திரி. எங்க ஊர்ல தீப்பெட்டி பாக்டரியை ஆபீஸுன்னுதான் சொல்லுவோம். முப்பது பொம்பளைங்க எனக்குக் கீழ வேலை பார்க்காக. எழுத்து வேலையும் நாந்தான். ரேஷன் கார்டுல பேரு சேக்கணுமா, தெருவிளக்கு எரியலையா, கனியக்கா ஒரு மனு எழுதிக் குடுங்கன்னு வருவாக. நான் எழுதி ஒரு மனு திரும்பி வந்ததில்ல. பெருமைக்குச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன்.

தம்பி பேரு கோட்டைச்சாமி. எனக்கு அஞ்சு வயசு இளையவன். பிறக்கும்போதே மூச்சு முட்டிப் பிறந்தவன். பேச்சு நாலஞ்சு வார்த்தைதான் வரும். அக்கா, சோறு, போகலாம், அப்படி. எங்க அம்மா தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குற அடிப்பெட்டி ஒட்டுவா. அவனும் பக்கத்துல உக்காந்து ஒட்டுவான். அவ நாலு ஒட்டுற நேரத்துல இவன் ஒண்ணு ஒட்டுவான். ஒட்டுனா மூலை பிரியாது. அம்மா இருந்த வரைக்கும் அவனால யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது. ஆறு வருசத்துக்கு முன்னால அம்மா போயிட்டா. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் எங்க வீட்டுக்காரரு என்னைப் பார்த்தாரு, நான் அவரைப் பார்த்தேன். வீட்டுல ரெண்டு ரூமு. என் மக தர்ஷினி அப்ப ஆறாங்கிளாஸ். பெரிய பிள்ளையாகப் போற நேரம். நீயே சொல்லு, ஒரு வளர்ந்த ஆம்பளையை, அவன் தாய்மாமனாவே இருந்தாலும், புத்தி சரியில்லாதவனை எங்க வச்சுக்கிறது? அக்கம்பக்கத்துல நாக்கு சும்மா இருக்குமா?

அப்பதான் தர்மலிங்கம் சாரோட ஹோமைச் சொன்னாக. ஊருக்கு மேக்க, பழைய பருத்தி குடோனை எடுத்து நடத்துனாரு. முதல்ல நாலு பேரை வச்சு ஆரம்பிச்சவரு. ரோட்டுல கிடந்த ஒரு கிழவரைத் தூக்கிட்டு வந்து குளிப்பாட்டுனதுல ஆரம்பிச்சதும்பாக. அந்த நல்ல மனசுக்குப் பேரு கிடைச்சுப் போச்சு, ஆளு சேந்து போச்சு. வயசானவுக, பக்கவாதம் வந்தவுக, எங்க கோட்டை மாதிரி உள்ளவுக, எல்லாம் ஒண்ணா. வேண்டாம்னு ஒருத்தரையும் அவரு திருப்பி அனுப்புனதில்ல. அந்த மனுசன் மேல இப்ப கேஸு.

மாசத்துல ரெண்டாம் ஞாயித்துக்கிழமை பார்க்க விடுவாக. முன்னாடி வராந்தாவுல பெஞ்சு போட்டிருக்கும். கோட்டையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சட்டைப் பட்டன் கழுத்து வரைக்கும் மாட்டிக் கூட்டிட்டு வருவாக. அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்திருப்பேன். "போகலாம்"னு சொல்லுவான். நான் பேச்சை மாத்திருவேன். ஆளு மெலிஞ்சுதான் போனான். அவன் சின்னதுலேயே ஒல்லி. ஒரு தடவை கணுக்கால்ல துணி சுத்தியிருந்துச்சு. என்ன சார்னு கேட்டேன். "வாசலைத் திறந்தா ரோட்டுக்கு ஓடுறான்மா, மணல் லாரி போற ரோடு, கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்க வேண்டியிருக்கு"ன்னாரு. நியாயந்தானே? லாரியில அடிபட்டா யாரு பொறுப்பு? கடைசி ரெண்டு வருசமா கூப்பிட்டா திரும்ப மாட்டான். திமிரு. சோத்துத் திமிருன்னு நினைச்சுக்கிட்டேன்.

பின்னாடி ஹாலு ஒண்ணு உண்டு. அங்க யாரும் போறதில்ல. எதுக்குப் போகணும்? ஆஸ்பத்திரிக்குப் போனா ஆபரேசன் ரூமுக்குள்ளயா போறோம்?

போன ஆவணியில, ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாம கொள்ளாம ஜீப்பு வந்துச்சு. கோமதி மேடம், கூட ஒரு டாக்டரு, தாலுகா ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு. லைசென்ஸ் முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சாம், புதுப்பிக்கலையாம். இருபது பேருக்கு உள்ள இடத்துல அம்பத்திரெண்டு பேராம். ஆபத்துன்னா வெளியேற ரெண்டாவது வழி இல்லையாம். பாத்ரூம்ல பிடிச்சு எந்திரிக்கக் கம்பி இல்லையாம். அட, எங்க வீட்டு பாத்ரூம்லயே கம்பி கிடையாது தாயி, என்னையும் சீல் வைப்பாகளா?

பின்னாடி ஹாலுல பதினோரு பேரு இருந்திருக்காக. வெளிய பூட்டு. சாவியைக் கேட்டிருக்காக, சமையல்காரம்மா சாவி எடுத்துட்டு வெளிய போயிருக்குன்னு சொல்லியிருக்காக. கோமதி மேடம் நேரா குடோன் வாசல்ல கிடந்த கடப்பாரையை எடுத்துத் தாலுகா ஆபீஸ் ஆளு கையில குடுத்துச்சாம். அந்தப் பதினோரு பேரையும் அன்னைக்கே வண்டியில ஏத்தித் திருமங்கலம் பக்கத்துல இருக்கிற வேற ஒரு ஹோமுக்குக் கொண்டு போயாச்சு. அதுல கோட்டையும் ஒருத்தன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவனைச் சேர்த்தது நான். பாரத்துல கையெழுத்துப் போட்டது நான். சாயங்காலம் போன்ல தகவல் சொல்றாக. மத்தவுகளுக்குப் பதினஞ்சு நாள் கெடு. கேட்டுல நோட்டீஸ் ஒட்டியாச்சு: கூட்டிட்டுப் போறவுக போகலாம், ஆட்சேபம் இருந்தா கலெக்டர் ஆபீஸுக்கு இந்தத் தேதிக்கு வந்து சொல்லலாம்னு.

எங்க கூட்டிட்டுப் போவாக? ஒருத்தர் வில்லிபுத்தூரு, அவுக அப்பா எட்டு வருசமாப் படுக்கை, இவரு டிரைவர், வாரத்துல ஆறு நாள் வெளியூரு. சொல்லு, எங்க போவாரு? தர்மலிங்கம் சார் எனக்குப் போன் பண்ணி அழுதாரு. "மேஸ்திரியம்மா, நீங்கதான் எழுதணும். குடும்பத்துக்காரங்க எல்லாம் சேந்து நல்லாப் பார்த்துக்கிட்டாங்கன்னு ஒரு மனுக் குடுத்தா அவங்க யோசிப்பாங்க."

எழுதுனேன். ஒரே மூச்சுல எழுதுனேன். ஒன்பது வரி. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு. வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, சுத்தம், எல்லாம் எழுதி, ஏழாவதா இப்படி எழுதுனேன்: "இல்லத்தில் யாரையும் கட்டி வைப்பதோ அடைத்து வைப்பதோ கிடையாது என்பதை நேரில் கண்ட நாங்கள் உறுதி கூறுகிறோம்." அந்த வரி எழுதும்போது பேனா கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. மை தீர்ற பேனா.

வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்குனேன். முப்பத்தியொரு குடும்பம். அருப்புக்கோட்டையில சென்னப்பன்னு ஒருத்தரு, தறிக்காரரு. அவரு சம்சாரத்துக்கு மூளையில ஏதோ கட்டி வந்து ஆளே தெரியாது, அந்தம்மாவும் அந்தப் பின்னாடி ஹாலுல இருந்ததுதான். அந்த மனுசன் தறியை நிப்பாட்டிட்டு மனுவை வரிவரியாப் படிச்சாரு. ஏழாவது வரியில விரலை வச்சிட்டு, "இது நமக்கு எப்படிக்கா தெரியும்? நம்ம யாரும் உள்ள போனதில்லையே"ன்னாரு.

எனக்கு எங்க இருந்துதான் கோவம் வந்துச்சோ. "அப்ப உங்க வீட்டுக்காரம்மாவை நாளைக்கே கூட்டிட்டு வந்து தறிக்குப் பக்கத்துல போட்டுக்கோங்க"ன்னுட்டேன். அவரு ரொம்ப நேரம் தறியையே பார்த்தாரு. அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. தண்ணி குடிக்கிறீங்களான்னு கூடக் கேக்கல.

விசாரணை அன்னைக்கு நல்ல சேலை கட்டிட்டுப் போனேன். எங்க வீட்டுக்காரரும் லீவு போட்டுட்டு வந்தாரு. நீள ரூமு, நீள மேசை. நாங்க எல்லாம் ஒரு பக்கம், எதுத்தாப்புல கோமதி மேடம். தர்மலிங்கம் சார் வக்கீலோட ஓரமா உக்காந்திருந்தாரு, ஷேவ் பண்ணாம, பத்து வயசு கூடுன மாதிரி. அவரைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. இப்பவும் சொல்றேன், அவரு கெட்டவரு இல்ல. முடியாம போச்சு, முடியலைன்னு சொல்லத் தெரியல.

மேடம் என் மனுவைக் கையில எடுத்து முழுசும் படிச்சுச்சு. சத்தமா. படிச்சிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. யாரு எழுதுனது?"ன்னு கேட்டுச்சு. எந்திரிச்சு நின்னேன். "ஏழாவது வரியில நேரில் கண்டன்னு போட்டிருக்கீங்க. நீங்க அந்த ஹாலுக்குள்ள போயிருக்கீங்களா?"

"உள்ள போனதில்ல மேடம்"னேன். பொய் இல்லையே. உள்ள போனதில்ல.

"வெளிய இருந்து பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

அந்தம்மா திருப்பிக் கேக்கல. ஒரு காகிதத்தை எடுத்துச்சு. டாக்டர் குடுத்தது. "உங்க தம்பிக்கு வலது காது கேக்காது. ஜவ்வு கிழிஞ்சு ரெண்டு வருசமாவது இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. உங்களுக்குத் தெரியுமா?" கால்ல தழும்பு, இத்தனை அங்குலம், சதையில பதிஞ்சதுன்னு மேல படிச்சுச்சு. எனக்கு அந்தக் காதுல இருந்தே நகர முடியல. வலது பக்கம் உக்காந்துதான் நான் கூப்பிடுவேன். எப்பவும் வலது பக்கம்.

பின்னாடி உக்காந்திருந்த சென்னப்பன் எந்திரிச்சு, "என் கையெழுத்தை எடுத்துருங்க மேடம்"னாரு. சத்தமாச் சொல்லல, அந்த ரூம்ல அது எல்லாருக்கும் கேட்டுச்சு.

அப்புறம் கோட்டையைக் கூட்டிட்டு வந்தாக. பதினஞ்சு நாள்ல முடி வெட்டி, புதுச் சட்டை போட்டு, யாரோ மாதிரி இருந்தான். என்னைப் பார்த்துச் சிரிச்சான். நாற்காலி போட்டு உக்கார வச்சாக. நான் நினைச்சேன், டாக்டர் தழும்பைக் காட்டுறதுக்குன்னு. பார்த்தா அந்தம்மா மேசையைச் சுத்தி வந்து, அவன் இடது பக்கமா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, அவன்கிட்ட விசாரிக்குது!

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம், என்னைக் கேளுங்க"ன்னேன்.

"அம்மா, நான் அவரைக் கேக்குறேன். அவர் எங்க இருக்கணும்னு அவரைத்தான் முதல்ல கேக்கணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

அவர்ங்குது! எங்க கோட்டையை! பெத்தவ கூட அவனை அவருன்னு சொன்னதில்ல.

மூணு போட்டோவை மேசையில வச்சுச்சு. ஒண்ணு பழைய குடோனு. ஒண்ணு இப்ப இருக்கிற ஹோமு. மூணாவது எங்க வீடு. எங்க வீட்டு வாசலை, நீலக் கதவோட, யாரைக் கேட்டு எடுத்தாகளோ. மெதுவா, ஒவ்வொண்ணா விரலை வச்சுச் சொல்லிக் குடுத்துச்சு. அவசரப்படுத்தல. கோட்டை குடோன் போட்டோவைத் தொடவே இல்ல. ரெண்டாவதைப் பார்த்தான். அப்புறம் முழுக் கையையும் எங்க வீட்டு மேல வச்சு அழுத்திக்கிட்டு, "அக்கா"ன்னான். "போகலாம்"னான்.

அந்தம்மா என்னைப் பார்த்துச்சு. மொத்த ரூமும் என்னைப் பார்த்துச்சு. "உதவித்தொகை இருக்கு. பகல்ல விட்டுட்டு வேலைக்குப் போறதுக்கு உங்க ஊர்லயே சென்டர் இருக்கு, வேன் வந்து கூட்டிட்டுப் போகும். ஒரு மாசம் முயற்சி பண்ணிப் பார்க்கலாம். முடியலைன்னா என்கிட்ட வாங்க, நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்ல மாட்டேன்"னு சொல்லுச்சு. பாவி, குரலை உயர்த்தியாவது கேட்டிருக்கலாம். நானும் கத்தியிருப்பேன்.

நான் எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவரு செவுத்துல சாஞ்சு நின்னவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. புருசன் மனசு பொண்டாட்டிக்குத் தெரியாதா?

"வீட்டுல இடமில்ல மேடம். வயசுப்பிள்ளை இருக்கு"ன்னேன்.

கோட்டை போட்டோ மேல இருந்து கையை எடுத்தான். எடுத்திட்டு, அந்தப் போட்டோவைத் திருப்பிக் கவுத்து வச்சான். மூலை மேசை விளிம்போட சரியா இருக்கான்னு நகத்தால ஒதுக்கி ஒதுக்கி வச்சான். அப்புறம் என்னைப் பார்க்கல. விளையாட்டுப் பிள்ளை மாதிரி காகிதத்தை வச்சு விளையாடிக்கிட்டு இருந்தான். அவனுக்கு என்ன புரியும்? ஒண்ணும் புரிஞ்சிருக்காது.

அவ்வளவுதான். குடோனுக்கு சீல் வச்சாச்சு. ஆளாளுக்கு ஒரு பக்கம் போனாக. சென்னப்பன் அவரு சம்சாரத்தை வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. தறிக்குப் பக்கத்துலயேதான் கட்டில். நாந்தானே சொன்னேன், அப்படிப் போட்டுக்கோங்கன்னு. கோட்டை திருமங்கலத்துலேயே நிரந்தரமாயிட்டான்.

இதுல கேளு இன்னொரு கூத்தை. அன்னைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பஸ்ல திரும்பி வாரோம். விருதுநகர்ல ஏறுனதுல இருந்து எங்க வீட்டுக்காரரு டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிச்சுக்கிட்டு வந்தாரு. சாத்தூர் பாலம் வரும்போது, "ஏன் அப்படிச் சொன்னே?"ன்னாரு. நீங்கதான தலையைக் குனிஞ்சீகன்னேன். "எல்லாரும் உன்னைப் பார்த்தாங்க. எனக்குப் பார்க்கப் பிடிக்கல, குனிஞ்சேன். நான் வேண்டாம்னு சொன்னேனா? ஆறு வருசத்துல ஒரு நாளாவது வேண்டாம்னு நான் சொல்லியிருக்கேனா?"

எப்படி இருக்கு! ஆறு வருசமா வாயைத் திறக்காம இருந்துட்டு இப்பச் சொல்றாரு. வீட்டுக்கு வந்தா என் மக. பன்னெண்டாவது படிக்கா. "மாமா எங்க?"ன்னா. கட்டிலை ஓரமாத் தள்ளிப் போட்டு, அவ புத்தகத்தையெல்லாம் அலமாரியில ஏத்தி வச்சிட்டுப் பாயை உதறிக்கிட்டு நிக்கா. நான் அவளைத் திட்டுனேன். எல்லாரும் சேந்து என்னை ஒருத்தியைப் பாவியாக்குறீகளான்னு திட்டுனேன். அவ பாயைச் சுருட்டி வச்சிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் என்கிட்ட கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான்.

திருமங்கலத்துக்கு இது மூணாவது தடவை. முதல் தடவை வந்து உக்காந்தான், பேசல. ரெண்டாவது தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்தான். இன்னைக்கு வரவே இல்ல. பார்க்க வர்றவுகளை முதல்ல உள்ள இருக்கிறவர்கிட்டச் சொல்லணும், அவரு சரின்னாத்தான் பார்க்கலாம், அதை ரிஜிஸ்டர்ல எழுதணும், இது எங்க விதின்னு அந்தப் பிள்ளை சொல்லுது. நான் விடல. மேலாளரைக் கூப்பிடுன்னேன். அவரும் வந்து அதையேதான் சொன்னாரு. "நான் சேர்த்து விட்டவ சார். ரத்த சொந்தம்"னேன். "தெரியும்மா. ஆனா அவர் வேண்டாம்னு சொல்லும்போது நாங்க கூட்டிட்டு வந்து உங்க முன்னாடி உக்கார வச்சா, அது முன்ன இருந்த இடம் மாதிரி ஆயிரும்"னாரு. என் வாயை அடைக்கிறதுக்குன்னே படிச்சிட்டு வந்திருக்காக.

கிளம்பலாம்னு எந்திரிச்சேன். அங்க வாசல்ல ஒரு வேப்பமரம், கீழ சிமெண்டு மேடை. உக்காந்துட்டேன்.

நீ சாத்தூர்க்காரி இல்ல. இனி உன்னை நான் பார்க்கப் போறதும் இல்ல. அதனால சொல்றேன்.

போன மாசியில அந்தக் குடோன் பக்கத்துல ஒரு கல்யாணம். புதன்கிழமை. பந்தியில குடுத்த லட்டைக் கோட்டைக்குக் குடுத்துட்டுப் போவோம்னு நடந்தே போனேன். பார்க்கிற நாள் இல்ல அது. கேட்டு திறந்து கிடந்துச்சு, ஆளு இல்ல. பின்னாடி ஏதோ சத்தம். சுத்திப் போனேன். கம்பி வலை அடிச்ச ஜன்னல். எட்டிப் பார்த்தேன். எல்லாரும் தரையில. நாத்தம் மூஞ்சியில அடிச்சுச்சு. கோட்டை தூணோரம் இருந்தான். கணுக்கால்ல இருந்து தூணுக்குக் கயிறு. என்னைப் பார்த்துட்டான், தாயி. கத்தல. அழல. மூஞ்சி மலர்ந்து போச்சு. வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, பக்கத்துல கிடந்த துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டான். கிளம்புறதுக்கு.

நான் குனிஞ்சுட்டேன். ஜன்னலுக்குக் கீழ குனிஞ்சு, அப்படியே செவுத்தோரமா நடந்து ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிட்டேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்னானோ.

இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

மேடையில உக்காந்திருந்த என்கிட்ட அந்த ஆபீஸ் பிள்ளை தண்ணி கொண்டுவந்து குடுத்துச்சு. "அவருக்கு ஏதாவது சொல்லணும்னா எழுதிக் குடுங்கம்மா, நான் படிச்சுக் காட்டுறேன்"னுச்சு. காகிதமும் பேனாவும் குடுத்துச்சு. எனக்கா எழுத வராது? ஊருக்கே எழுதுறவ. முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். அனுப்புநர், பெறுநர் போட்டேன், அடிச்சேன். 'அன்புள்ள தம்பி'ன்னு போட்டேன், அதையும் அடிச்சேன். வெயில் மேடைக்கு வந்து, நான் தள்ளி உக்காந்து, மறுபடியும் வெயில் வந்துச்சு. கடைசியில ரெண்டே வரி. "அன்னைக்கு ஜன்னல்ல வந்தது அக்காதான். வீட்டில் இடம் இருந்தது." கீழ பேரு போடல. ஆபீஸ் ரூமுக்குப் போயிக் குடுத்துட்டேன்.

அந்தப் பிள்ளை வாங்கிப் படிச்சிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. காகிதத்தோட உள்ள போச்சு. நான் மேசையில திறந்து கிடந்த ரிஜிஸ்டரையே பார்த்துக்கிட்டு நின்னேன். அதுல கோட்டைச்சாமி பேருக்கு நேரா, பார்க்க வந்தவர் சண்முகக்கனி, விருப்பமில்லைன்னு எழுதியிருந்துச்சு. அழகான கையெழுத்து.

கொஞ்ச நேரம் கழிச்சு வந்துச்சு. "படிச்சுக் காட்டுனேன்மா. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கையைக் காட்டுனாரு. மறுபடியும் படிச்சேன்"னுச்சு.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. காகிதத்தை வாங்கி, நாலா மடிச்சு, சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. அப்புறம் வேலைக்குப் போயிட்டாரு."

அங்க காகிதக் கவர் ஒட்டுறாகளாம். இவன் ஒட்டுறதை மட்டும் தனியா எடுத்து வைக்கிறாகளாம்.

அந்தக் கோமதி மேடத்தை நான் மன்னிக்க மாட்டேன். சும்மா கிடந்தவனை எழுப்பி, உனக்கு என்ன வேணும்னு கேட்டுக் கேட்டு, அவனைக் கெடுத்து வச்சிருக்கு. அடுத்த மாசம் வருவேன். விருப்பமில்லைன்னு எழுதுனா எழுதட்டும், அதுக்கடுத்த மாசமும் வருவேன்.

ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல, தாயி. திருமங்கலத்துல இருந்து அதையேதான் நினைச்சுக்கிட்டு வாரேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அ, ஆ கூடத் தெரியாது. எங்க அம்மா சிலேட்டை வச்சு எத்தனையோ வருசம் மல்லுக்கு நின்னா, ஏறல. அந்தக் காகிதத்தைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு அவன் என்ன செய்யப் போறான்?